வளர்ச்சி ஊக்கி அடித்த பிறகு செடி கோளாறு காட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தைப்பூசக் காவடிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போதுதான் எனக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கும். "அண்ணே, ஜிஏ அடிச்சேன், செடி புல்லு மாதிரி நீண்டு போச்சு." (ஜிஏ என்பது ஜிபர்லிக் அமிலம், செடியை நீளவைக்கும் ஊக்கி.) "மாமா, செண்டுமல்லி குட்டையாவே நிக்குது, பூ வருமா வராதா?" தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் கோயில் மாலைக்குப் பூ போடுகிறவர்கள், தொட்டிச் செடி வளர்த்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள், சொந்தமாக விதை எடுத்து வைக்கிறவர்கள் எல்லாரும் இப்போது ஏதோ ஒரு ஊக்கியைக் கையில் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், சரியாக அடித்தால் பலன் உண்டு. ஆனால் ஒன்று தவறினால் உடனே இன்னொரு மருந்தை எடுத்து அடிப்பது பெரும்பாலும் இருக்கிற செடியையும் கெடுத்துவிடுகிறது. அதனால் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன், உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதியைப் பாருங்கள்.

அதற்கு முன் மூன்று வேலை. முதலில், அடுத்த மருந்து எதையும் அடிக்காதீர்கள். இரண்டாவது, பாட்டிலை எடுத்து வந்து லேபிளில் மூல மருந்து லிட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீரில் கலந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது, மருந்து படாத ஒரு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இனிமேல் எப்போது அடித்தாலும் ஒரு வரிசையையோ பத்துத் தொட்டியையோ தொடாமல் விடுங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வரிசையிலும் அதே கோளாறு இருந்தால் குற்றம் மருந்தில் இல்லை, வெயிலிலோ தண்ணீரிலோ உரத்திலோ இருக்கிறது. அது ஒன்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கறை பழைய இலையில் மட்டும் இருந்து, புதுக் கொழுந்து நன்றாக வந்தால் மருந்து பட்ட இடத்தில் சுட்டிருக்கிறது, அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். பழைய இலை நன்றாக இருந்து கொழுந்து மட்டும் கோணலாக வந்தால் மருந்து உள்ளே போய் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடித்தேன், ஒன்றுமே நடக்கவில்லை

இதுதான் அதிகம் கேட்கிற புகார். மருந்து போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் எந்த மருந்து எந்த வழியாகச் செடிக்குள் போகிறது என்று பாருங்கள்.

செடியைக் குட்டையாக்கும் பேக்லோபியூட்ரசால் தண்டு வழியாகவும் வேர் வழியாகவும்தான் உள்ளே போகும். இலைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், கீழே இறங்கி நுனிக்கு வராது. ஆகவே இலை மேல் மட்டும் பனி மாதிரி அடித்துவிட்டு வந்தால் செடி குட்டையாகாது, தண்டு நனைய வேண்டும், அல்லது வேரில் ஊற்ற வேண்டும். வேரில் ஊற்றுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு: நம் ஊர் நர்சரிகளில் தொட்டிக் கலவை பெரும்பாலும் மக்கிய பைன் மரப்பட்டை, அந்தப் பட்டை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிநாட்டில் பீட் (சதுப்பு நிலத்து மக்கிய பாசி) கலவைக்கு எழுதிய அளவை அப்படியே பட்டைக் கலவைக்கு ஊற்றினால் குறைவாகத்தான் வேலை செய்யும். அதற்காக ஒரேயடியாக இரண்டு மடங்கு ஊற்றாதீர்கள். பத்துத் தொட்டியில் கொஞ்சம் கூட்டிப் பார்த்து, இரண்டு வாரம் பொறுத்து, பிறகு மீதிக்கு ஊற்றுங்கள்.

டாமினோசைட்டும் குட்டையாக்கும் மருந்துதான், ஆனால் உள்ளே போகும் வழி இதற்கு நேர் எதிர். அது இலை வழியாகத்தான் போகும், மண்ணில் ஊற்றிப் பயனில்லை. அதுவும் மெதுவாகப் போகும், அடித்த பிறகு அரை நாளுக்கு மேல் இலையில் தண்ணீர் படக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் மதியம் மூன்று மணிக்கு இடி மழை வருகிற ஊரில் காலை பதினொரு மணிக்கு அடித்தால் அது சாக்கடைக்குத்தான் போகும். வெயில் காலத்தில் அதன் வேலையும் சீக்கிரம் தீர்ந்துபோகும், குளிர்ந்த நாட்டில் தாங்குகிற அளவு நாள் இங்கே தாங்காது. மழையில்லாத நாளாகப் பார்த்து, சாயங்காலம், செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு இலை காய்ந்த பிறகு அடியுங்கள். தாமிரம் கலந்த பூஞ்சை மருந்து அடித்த செடியில் இதை அடுத்தடுத்து அடிக்கவே கூடாது, இலை சுட்டுவிடும்.

ஜிபர்லிக் அமிலம், அதாவது நாம் ஜிஏ என்கிறது, தூளாக வாங்கியிருந்தால் தண்ணீரில் நேராகக் கரையாது. வாளியின் அடியில் வெள்ளைத் துகள் மணல் மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும், நீங்கள் மேல் தண்ணீரை மட்டும் அடித்துவிட்டு வந்திருப்பீர்கள். மருந்துக்கடை ஆல்கஹால் கொஞ்சம் விட்டு முதலில் தூளைக் கண்ணாடி மாதிரி கரைத்துவிட்டு, பிறகு தண்ணீரில் சேருங்கள். கரைத்ததை மிச்சம் வைத்து அடுத்த வாரம் அடிக்க வேண்டாம், தண்ணீரில் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். மாத்திரையாக வருவது நேராகவே கரையும், ஆனால் மாத்திரையின் எடை வேறு, அதில் உள்ள மூல மருந்தின் எடை வேறு, லேபிளைப் படியுங்கள்.

எத்தெஃபான், அதாவது மொட்டை உதிர்த்துக் காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைச் செடிக்குள் விடுகிற மருந்து என்றால், தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். அது புளிப்பான கரைசலில்தான் நிலையாக இருக்கும், காரத்தன்மை கூடினால் வாளியிலேயே எத்திலீன் வாயுவாக மாறிப் போய்விடும். போர் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் சோதனைத் தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள், காரமாக இருந்தால் சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தண்ணீரின் பிஎச்சை ஐந்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு மருந்தை ஊற்றுங்கள், கலந்த நான்கு மணி நேரத்துக்குள் அடித்து முடியுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அந்த மருந்து தோலையும் கண்ணையும் அரிக்கும்.

செடி வெளிர்ந்து, ஒல்லியாக நீண்டு, சாய்கிறது

ஜிஏ அதிகமாகிவிட்டது. கணு இடைவெளி விரலளவு இருந்தது கையளவாகிவிடும், இலை மஞ்சள் கலந்த வெளிர்பச்சையாக மாறும், பூக்காம்பு பூவைத் தாங்காமல் வளையும்.

கணக்கை ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு பிபிஎம். மூல மருந்து ஒரு கிராமைப் பத்து லிட்டரில் கரைத்தால் 100 பிபிஎம், இருபது லிட்டரில் கரைத்தால் 50. செவ்வந்திக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் பரவலாகச் சொல்லும் அளவு 50 பிபிஎம், நட்ட 30, 45, 60ஆம் நாள்களில். நிறையப் பேர் அந்த 50 என்பதை 50 மில்லி என்று படித்துவிடுகிறார்கள். சைக்ளமன் மாதிரிச் செடிக்கு 10, 15 பிபிஎம் போதும், ஒரே தடவை, மொட்டு தென்படும்போது, இலைக்காம்புகள் கிளம்பும் நடுப்பகுதியில் படுகிற மாதிரி. அதற்கு 50 அடித்தால் பூ காம்பு நீண்டு தொங்கிவிடும்.

சரிசெய்ய: குட்டையாக்கும் மருந்தை மேலே அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். நீண்டது திரும்பச் சுருங்காது. மாலைக்குப் பறிக்கிற செண்டுமல்லி என்றால் குச்சி நட்டு நூல் கட்டித் தாங்குங்கள், பூ வரும். இன்னும் மொட்டு வராத இளஞ்செடி என்றால் நான்கைந்து கணு விட்டு நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை சாதாரணமாக வரும். கொஞ்சம் தழைச்சத்து கொடுத்தால் பச்சை திரும்பும். தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

செடி குட்டையாக நின்றுவிட்டது, இலை கரும்பச்சையாகச் சுருங்கியிருக்கிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கே நடந்தது.

பேக்லோபியூட்ரசால் இரண்டு விதமான பாட்டிலில் வருகிறது. பூச்செடிக்கென்று வருவதில் லிட்டருக்கு 4 கிராம் மூல மருந்து. மாமரத்துக்கு என்று வருவதில் லிட்டருக்கு 250 கிராம். முதல் பாட்டிலில் இருந்து ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் 4 பிபிஎம். இரண்டாவது பாட்டிலில் இருந்து அதே ஒரு மில்லி எடுத்தால் 250 பிபிஎம். அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பால் போன்ற திரவம்தான். நான் பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. பத்து மில்லியைப் பத்து லிட்டரில் கலந்து, நூறு தொட்டிக்கு, தொட்டிக்கு நூறு மில்லி வீதம் ஊற்றினேன். பத்தாம் நாள் பார்த்தால் கொழுந்து நகரவே இல்லை. இரண்டு இலைக்கு நடுவே தண்டே தெரியாமல் இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ரோஜாப்பூ அடுக்கு மாதிரி, விரல் வைத்து அழுத்தினால் முறுமுறுவென்று ஒடியும். அதற்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு மொட்டு இருந்தது, அது கடைசி வரைக்கும் பட்டாணி அளவிலேயே இருந்தது.

உங்களுக்கு இப்படி ஆகியிருந்தால், எவ்வளவு அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். கொஞ்சம்தான் கூடியது, செடி வளர்கிறது ஆனால் மெதுவாக வளர்கிறது என்றால், ஜிஏ மிகக் குறைந்த அளவில் தெளித்துப் பார்க்கலாம், 5 பிபிஎம்முக்குள். நூறு பிபிஎம் கரைசல் அரை லிட்டரை எடுத்து மொத்தம் பத்து லிட்டராக்கினால் 5 வரும். முதலில் ஐந்து தொட்டியில் மட்டும் அடித்து ஒரு வாரம் பாருங்கள். கொழுந்து நகர ஆரம்பித்தால் மீதிக்கும் அடியுங்கள், நகரவில்லையென்றால் இன்னொரு தடவை அதே அளவு, கூட்ட வேண்டாம். அவசரப்பட்டு 50 அடித்தவர்களின் செடியைப் பார்த்திருக்கிறேன், அடியில் குட்டையாகவும் மேலே கம்பியாகவும் ஆகி எதற்கும் உதவாமல் போகும்.

தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிடலாமா என்று கேட்பார்கள். இந்த மருந்து கலவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கழுவி வெளியேற்றுவது கஷ்டம், அதற்குள் வேர் அழுகிவிடும். என் நூறு தொட்டியில் ஜிஏவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு தேறின, அவையும் காவடி முடிந்த பிறகுதான் பூத்தன. மீதியைக் கலவையோடு தனியாகக் கொட்டினேன். அந்தக் கலவையை மறுபடி எதற்கும் எடுக்கக்கூடாது. நிலத்தில் ஊற்றியவர்களும் இதைக் கேளுங்கள்: மண்ணில் இந்த மருந்து பல மாதம் இருக்கும், சில மண்ணில் வருஷம் தாண்டியும் இருக்கும். பூ முடிந்த பாத்தியில் அடுத்த போகம் தனியாக்கீரையோ முள்ளங்கியோ போடுவது நம் வழக்கம், பேக்லோபியூட்ரசால் ஊற்றிய பாத்தியில் அதைச் செய்யாதீர்கள். அலங்காரச் செடிக்குப் பதிவான மருந்து சாப்பிடுகிற பொருளுக்கு இல்லை. டாமினோசைட் ஆப்பிளில் இருப்பது பற்றி 1989இல் அமெரிக்காவில் பெரிய பிரச்சினை எழுந்து, உணவுப் பயிருக்கு அதை விற்பதே நின்றுபோனது. இங்கேயும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்படி பதிவான மருந்துதான் விற்கலாம், லேபிளில் எல் என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும், எந்தப் பயிருக்கு என்றும் போட்டிருக்கும். எண் இல்லாமல் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

இலை ஓரத்தில் மஞ்சள் வளையம், மூன்று நான்கு நாளில் வந்தது

காரணம் க்ளோர்மீக்வாட் என்ற குட்டையாக்கும் மருந்து, சைக்கோசெல் என்ற பெயரில் தெரிந்திருக்கும். ஜெரேனியம், செம்பருத்தி, பாயின்செட்டியாவில் அளவு கூடினாலோ வெயிலில் அடித்தாலோ இப்படி வரும். 1,500 பிபிஎம்முக்கு மேல் போகாதீர்கள். மஞ்சளான இலை பச்சையாகாது, புது இலை நன்றாக வந்து அதை மறைத்துவிடும். விடுங்கள்.

தண்டு முறுக்கிக்கொண்டு, இலை கீழே கவிழ்ந்து கிடக்கிறது

என்ஏஏ (வேர் பிடிக்கவைக்கப் பயன்படுத்தும் ஊக்கி) அதிகம், அல்லது களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானைக் கழுவாமல் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கரும்புத் தோட்டத்துக்கு 2,4-டி அடித்த முதுகுத் தெளிப்பானில் துளி மிச்சம் இருந்தாலே செண்டுமல்லி இப்படி முறுக்கும். பூச்செடிக்குத் தனித் தெளிப்பான் வையுங்கள், அதன் மேல் பெரிதாகப் பெயின்டில் எழுதிவையுங்கள்.

மொட்டு கொட்டுகிறது

நீங்கள் எத்தெஃபான் அடித்திருந்தால் காரணம் அதுதான். கிளை வைக்க, இருக்கிற மொட்டை உதிர்த்துச் செடியைப் பெரிதாக்க என்று ஜெரேனியம் மாதிரிச் செடிக்கு 500 பிபிஎம் அளவில் அடிப்பார்கள். மொட்டை உதிர்ப்பதே அதன் வேலை. பூ வேண்டிய நாளுக்கு ஆறு, எட்டு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். இங்கே கிடைப்பதில் லிட்டருக்கு 480 கிராம் உள்ளதும் உண்டு, அதில் ஒரு மில்லி ஒரு லிட்டருக்குப் போட்டால் 480 பிபிஎம், இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

நான் அடிக்கவே இல்லை, ஆனாலும் கொட்டுகிறது என்கிறீர்களா? அப்படியானால் வேலிக்கு வெளியே பாருங்கள். நம்மைச் சுற்றிக் கரும்பு. ஆலை திறக்கும் பருவத்துக்கு முன், முதல் வெட்டுக்குப் போகும் கரும்பில் இனிப்பு ஏற எத்தெஃபானைப் பழுக்கவைக்கும் மருந்தாக விமானத்தில் இருந்து தெளிப்பார்கள். காற்று நம் பக்கம் வீசினால் வேலியோரம் இருக்கும் முதல் சில வரிசையில் மொட்டு கொட்டும், உள்ளே போகப் போகக் குறையும். இந்தச் சரிவு தெரிந்தால் சந்தேகமே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய்ப் பேசுங்கள், எந்த நாள் அடிப்பார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் வேலியோரம் நிழல்வலை ஒன்றை இறக்கிவிடலாம். ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பூ போடுகிறவர்களுக்கு இது நேரடியாக இடிக்கிற காலம்.

கரும்பு எரிக்கும் புகையிலும் எத்திலீன் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் சோகையை எரிக்கும்போது கூடாரத்துக்குள் புகை தங்கினால், இரண்டு மூன்று நாளில் மொட்டு மஞ்சளாகிக் காம்போடு விழும். எரிப்பது தெரிந்தவுடன் காற்று வருகிற பக்கத்தை மூடி, புகை போனவுடன் எல்லாப் பக்கமும் திறந்துவிடுங்கள். பறித்த பூவை வாழைப்பழத்தோடு ஒரே பக்கி வண்டியில் ஏற்றுகிறவர்களும் உண்டு, கோயிலுக்குப் போகிற வழி என்று. பழுக்கிற வாழை விடுகிற வாயுவும் எத்திலீன்தான், சந்தையில் இறக்குவதற்குள் கார்னேஷன் கண்ணை மூடிவிடும்.

தேதிக்குப் பூ வரவில்லை, அல்லது தேவையில்லாத நேரத்தில் மொட்டு வருகிறது

இங்கே ஊக்கிப் பாட்டிலைத் தூக்குவதற்கு முன் பகல் நீளத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் எழுதிய பயிர்க் கையேட்டைப் பார்த்து நட்டால் நமக்கு ஆறு மாதம் தள்ளிப்போகும். தை மாதம் அங்கே குளிர்காலத்தின் முடிவு, பகல் குறைவு. இங்கே அது நடுக்கோடை. டிசம்பர் நடுவில் டர்பனில் பகல் பதினான்கு மணி நேரம். உயரமாக வளர்கிற செண்டுமல்லி நீண்ட பகலில் தழைத்துக்கொண்டே போகும், பூப்பதற்குத் தாமதிக்கும். மெக்சிகோவில் இருந்து வந்த இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கச் செண்டு என்று பெயர், ஆனால் நம் ஆப்பிரிக்கக் கோடை அதற்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஜிஏ அடித்தால் பூ சீக்கிரம் வரும் என்று நினைத்து நீண்ட பகலில் அடிக்கிறார்கள், செடி இன்னும் உயரமாகிறது, பூ வந்தபாடில்லை.

வழி இதுதான்: குட்டை ரகக் கலப்பின விதை வாங்குங்கள், அவை பகல் நீளத்துக்கு அவ்வளவு அசைவதில்லை. உயர ரகம்தான் வேண்டும் என்றால் நாற்று முளைத்த முதல் இரண்டு வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிக் காலை எட்டு மணிக்கு எடுங்கள். தட்டில் இருக்கிற நாற்றுக்கு இது சிரமமில்லை. துணிக்குள் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்திக்கு எதிர்ப்புறமான சங்கடம். அது குறைந்த பகலில் பூக்கும், இயல்பாக இங்கே ஏப்ரல், மே. வேறு மாதத்தில் எடுக்க வேண்டுமென்றால் செடி உயரமாகிற வரை நடு இரவில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் விளக்குப் போட்டு இரவை உடைக்கிறோம். 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது விளக்கு எரிய வேண்டிய நேரத்திலேயே கரண்ட் போனது, தொடர்ந்து சில இரவு அப்படிப் போனதும் முழங்கால் உயரச் செடியில் நுனி மொட்டு வந்துவிட்டது. அந்த மொட்டைக் கவனித்துப் பாருங்கள்: அதன் கீழே வழக்கமான பிளவுபட்ட இலை இல்லாமல் பட்டையாக, நாக்கு மாதிரி இலைகள் இருக்கும். மொட்டு பெரிதாகாமல் அப்படியே நிற்கும். பலர் இதற்கு ஜிஏ அடித்தார்கள், காம்பு மட்டும் நீண்டது. அந்த மொட்டைக் கீழ் இலைகளோடு கிள்ளிவிட்டு விளக்கைத் தவறாமல் போட்டால் பக்கத்துக் கிளைகள் கிளம்பும், மூன்று நான்கு வாரம் பிந்தும், ஆனால் பயிர் தப்பிக்கும். பாட்டரியில் ஓடும் எல்இடி வரிசை ஒன்று போட்டுவிடுங்கள்.

பூ நிறைய இருக்கிறது, விதை இல்லை

என் ஆயா காய்ந்த செண்டுப் பூவை மடியில் போட்டு, கட்டைவிரலால் அடியைப் பிளந்து விதையைத் தட்டில் உதிர்ப்பார். கறுப்பு ஊசி மாதிரி, மேல் நுனியில் வைக்கோல் நிறத்தில் குச்சம். நல்ல விதையை நகத்தால் அழுத்தினால் வளையாது. சப்பை விதை வெளிறிப்போய், தாள் மாதிரி மடங்கும். நீங்களும் பத்துப் பூவைப் பிளந்து இந்த நகச் சோதனையைச் செய்யுங்கள், பத்தில் எத்தனை பூவில் எவ்வளவு சப்பை என்று தெரியும்.

ஒரு பூவில்கூட நல்ல விதை இல்லையென்றால் ரகத்தைப் பாருங்கள். உயரச் செண்டையும் குட்டை பிரெஞ்சுச் செண்டையும் கலந்து உண்டாக்கிய ரகங்கள் மலடு, எந்த மருந்தாலும் விதை பிடிக்காது. மற்றக் கலப்பின ரகங்களில் விதை வரும், ஆனால் முளைத்தால் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு உயரம்.

ரகம் நல்லதாக இருந்து பாதிக்கு மேல் சப்பை என்றால், ஜிஏவை எந்த நாளில் அடித்தீர்கள் என்று கேட்பேன். மொட்டு தெரியத் தொடங்கிய பிறகு ஜிஏ அடித்தால் மகரந்தம் மலடாகலாம். இது சும்மா சொல்வதில்லை, சூரியகாந்தியில் ஆண் பாகத்தை வேண்டுமென்றே மலடாக்குவதற்கே இளமொட்டில் ஜிஏ அடித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள், செண்டும் செவ்வந்தியும் அதே குடும்பம். பூவுக்காக வளர்க்கிற பாத்திக்கு இதனால் நஷ்டமில்லை, பூ பெரிதாகத் தெரியும், வியாபாரி கேட்டு வாங்குவார். விதைக்காக வளர்க்கிற பாத்திக்கு மட்டும் ஜிஏவை இளம் பருவத்தோடு நிறுத்துங்கள், நட்டு மூன்று நான்கு வாரத்தில் ஒரு தடவை, நுனி கிள்ளிய பிறகு, கிளை வேகமாக வருவதற்கு. மொட்டு கண்ணில் பட்டுவிட்டால் பாட்டிலை மூடிவிடுங்கள். இரண்டு பாத்தியையும் தனித்தனியாக வையுங்கள், ஒரே பாத்தியில் மாலைப் பூவும் எடுத்து விதையும் எடுக்கப் பார்த்துத்தான் பலருக்கு இரண்டும் அரைகுறையாகிறது.

ஜிஏவும் குற்றமில்லை என்றால் தேனீ. வலைக் கூடாரத்துக்குள் தேனீ வராது. நிறைய அடுக்குள்ள செண்டில் நடுக்குழல் பூக்கள் குறைவு, அவற்றில்தான் மகரந்தம் இருக்கிறது, ஆகவே அந்தக் கொஞ்ச மகரந்தத்தை யாராவது எடுத்துப் போக வேண்டும். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பக்கத்து வலையைத் தூக்கிவிடுங்கள், பூச்சி மருந்து அந்த வாரம் வேண்டாம். சிறிய பாத்தி என்றால் மென்மையான பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அடுத்து மழை. கோடையில் காய விட்ட பூத்தலை ஈரம் கோத்து, நடுவில் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகிவிடும், பிளந்தால் விதை கறுத்துச் சேறாக இருக்கும். மருந்தில் தீர்வு தேடாதீர்கள், பருவத்தை மாற்றுங்கள். ஜனவரிக் கடைசியில் விதைத்தால் ஏப்ரலில் பூத்து, மே, ஜூனில் விதை முற்றும். நம் கடற்கரைப் பக்கம் அது காய்ந்த காலம், உறைபனியும் இல்லை. பகலும் குறைந்துகொண்டு வருவதால் செடி தேவையில்லாமல் தழைக்காமல் பூவைக் கொடுக்கும். சாய்கிற ரகமாக இருந்தால் இங்கேதான் குட்டையாக்கும் மருந்துக்கு நல்ல வேலை, இளம் செடியில் டாமினோசைட் ஒரு தடவை அடித்தால் காற்றுக்குப் படுக்காமல் நின்று விதையைக் கொட்டாமல் வைத்திருக்கும்.

விதை இருக்கிறது, முளைக்கவில்லை

செண்டு விதை நல்லதாக இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும், எந்த ஊக்கியும் தேவையில்லை. முளைக்காவிட்டால் விதை பழசு, அல்லது ஈரத்தில் வைத்தது. உறக்கம் கலையாத விதைகளுக்குத்தான் ஜிஏவில் ஊறவைப்பது உதவும், 100 முதல் 200 பிபிஎம்மில் ஒரு நாள். பிரிமுலா மாதிரி அடம் பிடிக்கும் விதைகளுக்குச் செய்து பாருங்கள். அளவு கூடினால் நாற்று நூல் மாதிரி வந்து மறுநாளே படுத்துவிடும்.

நம் நாட்டுப் பூக்களுக்கு, குறிப்பாக கேப் பக்கத்து ஃபின்போஸ் புதர்ப்பூக்களுக்கு, வேறு மருந்து இருக்கிறது, அது புகை. அங்கே காட்டுத்தீக்குப் பிறகுதான் பல விதைகள் முளைக்கும். சூடுதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். 1990இல் தெ லாங்கே, பூஷர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் புகையே போதும் என்று காட்டினார்கள். 2004இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் ஃபான் ஸ்டாடன் குழுவும், அதே சமயம் ஆஸ்திரேலியாவில் இன்னொரு குழுவும் புகையில் விதையை எழுப்பும் அந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மேலே கரும்புப் புகை மொட்டை உதிர்க்கிறது என்று எழுதினேன், ஒரே புகையில் மொட்டை உதிர்க்கிற வாயுவும் இருக்கிறது, விதையை எழுப்புகிற பொருளும் இருக்கிறது.

புகைநீரில் நனைத்துக் காயவைத்த தாள் விற்கிறார்கள், அதைத் தண்ணீரில் போட்டு விதையை ஒரு நாள் ஊறவைத்து விதைக்கலாம். வீட்டிலேயே செய்வதானால் காய்ந்த புல்லை ஒரு டின்னில் எரிய விடாமல் புகைய விட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாக ஒரு வாளித் தண்ணீருக்குள் விடுங்கள், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள், அடர்த்தியான புகைநீர் முளைப்பைத் தடுத்துவிடும். ஒரு பங்குக்குப் பத்து, ஐம்பது, நூறு பங்கு தண்ணீர் என்று மூன்று கிண்ணத்தில் கலந்து, நாலாவது கிண்ணத்தில் வெறும் தண்ணீர் வைத்து, இருபது இருபது விதை போட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் மேல் தேதியும் அளவும் எழுதிவிட்டு, வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள்.